பதினோராம் எண் மீட்டர்

வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனால்
வீடு தலைசீவிக்கொண்டு நிற்கும்.
முப்பத்தோரு வருடம் மின்வாரியத்தில்
கணக்கெடுத்தவளுக்கு இது தெரியும்.
அதனால் சொல்லாமல்
குடவாசல் பஸ்ஸில் வந்து இறங்கினேன்,
பிற்பகல் இரண்டேகாலுக்கு,
சாப்பாட்டுக்கூடம் கழுவிவிடுகிற நேரம்.

'காவேரி தரிசனம் முதியோர் குடியிருப்பு.'
காவேரி எங்கே என்றேன்.
மேலாளர் நிவேதன் கை நீட்டிய திசையில்
ஒரு கன்னி வாய்க்கால், ஒரு கொக்கு.
'அதுவும் காவேரித் தண்ணிதாம்மா.'
பொய்யில்லை.
மேட்டூர் திறந்தபிறகு சொல்லியிருந்தால்
இன்னும் கொஞ்சம் உண்மையாக இருந்திருக்கும்.

பெண் ஓசூரிலிருந்து அனுப்பிய கேள்விகள்
போனில் இருபத்திரண்டு.
கழிவறைக் கைப்பிடி, ஆம்புலன்ஸ், சாம்பாரில் உப்பு.
எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் இருந்தது,
தரையைப் போலவே வழவழப்பாக.
(தரை வழுக்குமா என்பது பதினேழாவது.)

ஐப்பசியில் தண்ணீர் எதுவரை நிற்கும்?
இது என் கேள்வி.
அவன் வாய் திறக்குமுன்
வாட்ச்மேன் கலியமூர்த்தி குனிந்து
முழங்காலைத் தொட்டுக் காட்டினார்.
பிறகு மேலாளர் முகத்தைப் பார்த்து
கையைக் கணுக்காலுக்கு இறக்கினார்.

எனக்கென்று காட்டிய வீடு பதினொன்று.
கிழக்கு ஜன்னல். நடவு முடிந்த வயல்.
சுவரில் பெயிண்ட் வாசனை போகவில்லை.
'புத்தம்புதுசும்மா, யாருமே இருந்ததில்லை.'

மீட்டர் பெட்டி எங்கே என்றேன்.
இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

படிக்கட்டுக்கு அடியில் பன்னிரண்டு மீட்டர்கள்.
ஒவ்வொன்றின் பக்கத்திலும் எலக்ட்ரீஷியன்
மாதாமாதம் சுவரில் பென்சிலால் எழுதிய எண்கள்.
நான்காம் வீட்டின் சிவப்புப் புள்ளி
படபடவென்று துடித்தது: ஏ.சி.
ஏழு கண்ணிமைக்கவே மறுத்தது.
ஊருக்குப் போயிருக்கிறார்களா?
'உள்ளதாம்மா இருக்காங்க.
ஃபேன் போட்டா உடம்பு வலிக்குமாம்.'
அந்த அம்மாளோடு எனக்கு ஒத்துப்போகும்,
இல்லையென்றால் முதல் வாரமே சண்டை.
ஒன்பதில் ஐம்பத்தெட்டு, நாற்பத்தொன்று, இருபத்தாறு.
யாரோ ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வருகிறார்கள்.
முதலில் டி.வி.யாக இருக்கும்.

பதினொன்றுக்கு நேரே
முப்பத்தெட்டு.
எண்பது.
நூற்று இருபத்தொன்று.
பிறகு ஒரே தாவலில் இருநூற்று முப்பத்து மூன்று.
அப்புறம் அதே இருநூற்று முப்பத்து மூன்று
மூன்று தடவை.

ஒரு மாதத்தில் நூற்றுப் பன்னிரண்டு யூனிட்.
ஏ.சி. மாட்டிய துளைகூடச் சுவரில் இல்லை.
அப்படியானால் பாதி மாதம்
இரவும் பகலும் நிற்காமல் ஒன்று ஓடியிருக்கிறது,
கட்டில் பக்கத்தில், தரையில், குழாய் நீட்டிக்கொண்டு.
என் வீட்டுக்காரருக்கும் ஓடியது.
அதன் சத்தம் தெரியும், அதன் யூனிட்டும் தெரியும்.
அந்த மாத பில்லைப் பார்த்து
நான் முகம் சுளித்தேன். அவர் பார்த்தார்.

நிவேதனிடம் கேட்கவில்லை.
சின்னப் பையன். வாங்குகிற சம்பளத்துக்கு
ஒரு நாளைக்கு ஒரு பொய் போதும்.

அட்வான்ஸ் போடலாமா என்றான்.
இரண்டு மாதம் கழித்து வருகிறேன் என்றேன்.
வாரியத்துப் பழக்கம்.

கேட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது
கலியமூர்த்தியிடம் மெதுவாகக் கேட்டேன்:
பதினொன்றில், ராத்திரியில்,
யார் கூட இருந்தது?

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
'மக வெளிநாடு. நாந்தாம்மா,
ஜன்னலுக்கு வெளிய நாற்காலி போட்டு.
மெஷின் சத்தம் கேக்குதான்னு
கேட்டுக்கிட்டே இருப்பேன்.'
கொஞ்சம் பொறுத்து,
'தண்ணி முழங்கால் வரைக்கும்தாம்மா வரும்'
என்றார்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.
பழைய நோட்டை எடுத்துத் தேதி போட்டேன்.
எண் பதினொன்று. அளவு இருநூற்று முப்பத்து மூன்று.
குறிப்பு என்ற கட்டத்தில், கைப்பழக்கத்தில்,
'கதவு பூட்டியுள்ளது' என்று எழுதி,
அரசலாற்றுப் பாலம் தாண்டுகையில்
அதை அடித்தேன்.