வராதவர் பட்டியல்

புளியரையில் எங்கள் வீட்டுக்கு ரெண்டு வானம்.
அடுப்படியில் நின்றால் தமிழ்நாட்டு டவர்.
கொல்லைக் கதவைத் திறந்தால் போன் துள்ளும்:
'கேரளத்துக்கு வருக.'
துணி காயப்போடப் போனவளை
இன்றைக்கு மட்டும் ஒன்பது தடவை
புதுசாக வரவேற்றாயிற்று.
ஆள் தெரியாமல் போடுகிற கும்பிடு.

என் பிழைப்பும் கிட்டத்தட்ட அதுதான்.
விண்வெளி விளையாட்டு ஒன்றில்
விட்டுப் போனவர்களைத் திரும்பக் கூப்பிடுவது.
முப்பிடாதி என்ற பெயர் கொச்சியில் யார் வாயிலும் நுழையாது.
'முப்பீ, இந்தக் கோட்டைக் கொஞ்சம் நிமிர்த்து' என்பார் ஜிதின்,
திங்கள்தோறும் வரைபடத்தைக் காட்டி.
முதல் நாள் நூறு பேர். ஏழாம் நாள் பதினெட்டு.
முப்பதாம் நாள் நாலு.
ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் இறங்குகிற மலை மாதிரி
ஒரு கோடு.

நிமிர்த்த வழி இருக்கிறது.
தினம் வந்தால் தினம் ஒரு படிகம்.
ஒருநாள் தவறினால் சேர்த்ததெல்லாம் பூஜ்யம்.
வராதவர் கப்பலைத் துருப்பிடிக்க விடலாம்.
'கேப்டன், உங்கள் ஆட்கள் மூச்சுத் திணறுகிறார்கள்' என்று
ராத்திரி மூன்று மணிக்கு அனுப்பலாம்.
அதை எழுதினது நான்தான்.
நல்ல வாக்கியம். நூற்றுக்குப் பதினோரு பேர் ஓடி வந்தார்கள்.

மணல்கிளி வரவில்லை.

அவர் யார் என்று தெரியாது.
பதிவேட்டில் இருந்தது இவ்வளவுதான்:
வாரம் மூன்று ராத்திரி, ஒன்றரைக்கு மேல்,
எங்கள் வீட்டு டவரிலிருந்தே, நாற்பது நிமிஷம்.
யாரையும் சுட்டதில்லை.
சாம்பல் நிறக் கோள் ஒன்றின் ஓரமாகக் கப்பலை நிறுத்தி
தாது அள்ளுவார்.
அள்ளினதை, பெட்ரோல் தீர்ந்து மிதக்கிற புதுசுகளுக்குக் கொடுப்பார்.
(அந்தக் கப்பல்களுக்குப் பெட்ரோல் கிடையாது.
எனக்கு அப்படித்தான் சொல்ல வருகிறது.)
பேச்சு பாதியில் இருக்கும்போதே காணாமல் போவார்.

ஒரு ராத்திரி கரண்ட் இல்லை.
மொட்டைமாடியிலிருந்து செக்போஸ்ட் வரிசையைப் பார்த்தேன்.
வைக்கோல், முட்டை, வாழைத்தார், எம்-சாண்ட்.
எஞ்சின் அணைத்த எண்பது லாரி,
கண்ணாடிக்குக் கண்ணாடி ஒரு நீல முகம்.
வரிசை அசைந்தது.
ஒரு முகம் இருண்டது.
மடியிலிருந்த திரையில் மணல்கிளி மறைந்தார்.

செக்போஸ்ட் தாண்டினால் எஸ் வளைவு.

ஆடியில் புதுத் தடம் போட்டார்கள். வரிசை ஒழிந்தது.
அதே வாரம்தான் என் வாக்கியமும் போனது, எல்லாருக்கும், மூன்று மணிக்கு.
அதற்கப்புறம் இருநூற்றுப் பன்னிரண்டு நாள்.
காத்திருக்க வேண்டாத மனிதருக்கு விளையாட்டு எதற்கு,
அவ்வளவுதான் இருக்கும் என்று சொல்லிக்கொள்கிறேன்.
பழைய பேப்பரையும் தேடினேன்.
வளைவில் கவிழ்ந்த லாரி ஒன்று. முட்டை லோடு.
டிரைவர் பிழைத்தார். பெயர் போடவில்லை.

நகர்கிற போனுக்கு இனி எதுவும் போகாதபடி
ஒரு வரி சேர்த்தேன்.
நாலு மூன்றானது. ஜிதின் ஒருவாரம் பேசவில்லை.
மணல்கிளியின் கப்பலில் மட்டும் துருவை நிறுத்தினேன்.
விளக்கு எரியட்டும் என்று விட்டேன்.
அதை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது சாம்பல் கோளில் கூட்டம்.
அவரிடம் ஒருகாலத்தில் தாது வாங்கினவர்கள்
வந்து பக்கத்தில் நிறுத்துகிறார்கள்.
'அண்ணன் வந்தாரா?'
'இல்லை.'
நாளைக்கும் வருகிறார்கள்.
நாற்பத்தொரு பேர், படிகம் கேட்காமல்.
கோடு ஓரிடத்தில் லேசாகத் தலை தூக்கியிருக்கிறது.
'இது என்ன வசதி, முப்பீ? எப்போது சேர்த்தாய்?'
என்ன பெயர் சொல்ல?

பட்ட கடனைத் திருப்பிக் கட்டுகிறார்கள்.
அவர் கிடங்கு நிறைந்து தாது வெளியில் மிதக்கிறது.
கிடங்கைப் பெரிதாக்கக் கேட்டு எழுதியிருக்கிறேன்.
இன்னும் பதில் இல்லை.
சாரல் பிடித்துவிட்டது.
துணியை எடுக்க வேண்டும்.