அடியெடுத்துக் கொடுத்தவள்

மேடைக்கு இடப்பக்கம், திரைக்கயிறு தொங்கும் இருட்டில்
ஒரு முக்காலி. அதுதான் என் உத்தியோகம்.
லுவீனியா ப்ரூயிட் வசனம் மறந்தால்
அடியெடுத்துக் கொடுக்க வேண்டும்.
வாரம் நான்கு டாலர்.
இருபத்தாறு வருஷம் சும்மா இருந்து சம்பளம் வாங்கினேன்.
அவள் மறந்ததே இல்லை
என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

நாட்செஸிலிருந்து சிகாகோவுக்கு
ஒரு தொப்பிப்பெட்டியோடு வந்தாள், தொப்பி இல்லை.
முதல் கம்பெனியில் மேலாளர்
சுட்ட தக்கைக் கரியைக் கிண்ணத்தில் நீட்டினார்:
பூசிக்கொள். இல்லையென்றால் நீ கறுப்பி என்று
பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள்.
கிண்ணத்தை அவர் கணக்குப் புத்தகத்தில்
கவிழ்த்துவிட்டுப் படியிறங்கினாளாம்.
அவள் சொல்லித்தான் தெரியும்.
சில நாள் அது கணக்குப் புத்தகம்,
சில நாள் அவருடைய வெள்ளைத் தொப்பி.
பூசிக்கொண்டாள், இரண்டு பருவம், மெம்பிஸ் வரைக்கும்
என்று கோரஸில் ஆடிய ஒருத்தி சொன்னாள்.
நான் கேட்டதில்லை.

பிறகு வேலைக்காரி வேஷம்.
'மேஜை தயார், சீமாட்டி.' மொத்தமே மூன்று சொல்.
நானூறு இரவு, நானூறு விதம்.
ஓரிரவு விஷம் வைத்தவள்போலச் சொல்ல,
கதாநாயகி சூப்பைத் தொடவில்லை.
மறுநாள் வேலை போயிற்று.

ஸ்டேட் தெருவுக்குப் பின்னால்
குதிரை லாயம் ஒன்றை வாடகைக்குப் பிடித்தாள்.
நாற்காலிகள் சவ அடக்கக் கடை டூலி இரவல் தந்தவை;
பேட்டையில் யாராவது செத்தால் அன்று நாடகம் கிடையாது.
மழை பெய்தால் ராணியின் அரண்மனையில்
குதிரை மணக்கும்.
அவள்தான் ராணி.
இறைச்சிக் கூடத்திலிருந்து நேரே வந்தவர்கள்,
பூட்ஸில் ரத்தம் காயாதவர்கள்,
அவள் நுழைந்ததும்
யாரும் சொல்லாமல் தொப்பியைக் கழற்றினார்கள்.

மகன் செத்த சேதி வரும் காட்சி.
முதல் இரவு அவள் வாயே திறக்கவில்லை.
பத்து எண்ணினேன். பதினைந்து.
என் நேரம் வந்தது என்று
அடியெடுத்துக் கொடுத்தேன், கொஞ்சம் சத்தமாகவே.
திரை விழுந்ததும் வந்தாள்.
'அதுவும் வசனம்தான், ஐடெல். ஏட்டில் ஏற்று.'
மையால் எழுதினேன்:
மௌனம், பதினெட்டு எண்ணும்வரை.

முப்பத்தெட்டில், பனிக்காலத்தில், அதே காட்சி.
பதினெட்டு போயிற்று. முப்பது.
நாற்காலி ஒன்று முனகியது, யாரோ விசும்பினார்கள்.
என்ன தைரியம் இவளுக்கு என்று
நெஞ்சு விம்ம உட்கார்ந்திருந்தேன்.
அப்புறம்தான் அவள் இடது கையைப் பார்த்தேன்,
கூட்டத்துக்குத் தெரியாத பக்கம்.
சுண்டுவிரல் என் இருட்டை நோக்கி
மடங்கி, நிமிர்ந்து, மடங்கி.
வாய் திறந்தேன்.
அதற்குள் கூட்டம் எழுந்து கைதட்டத் தொடங்கிவிட்டது,
நான் கொடுத்த அடி அதில் எங்கோ விழுந்தது.

அறையில் காதணியைக் கழற்றிக்கொண்டே,
கண்ணாடியைப் பார்த்து,
என்னைப் பார்க்காமல், சொன்னாள்:
'நாற்பத்தேழு. ஏட்டில் திருத்திவிடு.'

திருத்தினேன்.
பென்சிலால்.