நாற்பத்து மூன்று நிமிடம்

பாடாங் செராய் கடைவரிசையில்
பல் மருத்துவருக்கு மேல்மாடி என் மேசை.
இரவு பதினொன்றுக்கு ஆயிரம் லோரிகளை
செம்பனை ஆலையின் எடைப்பாலத்துக்கு அனுப்பினேன்.

ஒன்றிலும் குலை இல்லை, ஓட்டுநர் இல்லை.
நம்பர் பிளேட்டுகள் என் கற்பனை.
எண்கள் தீர்ந்து அலுத்தபோது
எனக்குக் கணக்கில் முட்டை போட்ட
ஆசிரியர்களின் பெயர்களை வைத்தேன்.
சர்வர் முகம் சுளிக்கவில்லை.
நூற்றில் தொண்ணூற்றைந்துக்கு
முக்கால் நொடிக்குள் எடைச்சீட்டு.
ஒப்பந்தம் கேட்டது ஒரு நொடி.
திரை முழுக்கப் பச்சை.

மீதி ஐந்தைப் பற்றி ஒப்பந்தம் பேசாது.

தொண்ணூற்று ஒன்பது புள்ளி ஒன்பது விழுக்காடு என்று
முதல் பக்கத்தில் தடித்த எழுத்து.
கணக்குப் போட்டால்
மாதத்தில் நாற்பத்து மூன்று நிமிடம்
செத்துக் கிடக்க அனுமதி.
பராமரிப்புக்கு நிறுத்தும் நேரம் அதில் சேராது;
அது நான்காம் பின்னிணைப்பில், எறும்பெழுத்தில்.

காலையில் ஆலைக்குப் போனேன்.
யாரும் கூப்பிடவில்லை.
மழை. வாசலில் பதினேழு லோரி.
சன்னாசி கதவைத் திறந்து காலைத் தொங்கப்போட்டிருந்தார்.
"சிஸ்டம் சுத்துது தங்கச்சி,"
விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார்.
பின்னால் உதிர்ந்த பழங்கள் நசுங்கி
தாரில் ஆரஞ்சுக் கோடு ஓடியது.
நேற்று வெட்டிய குலை.
நேரம் போகப் போகப் புளிப்பு ஏறும்,
புளிப்பு ஏறினால் விலை இறங்கும்.

கூண்டுக்குள் நோராயினி
டேப்லெட்டைச் சன்னல் கம்பிக்கு வெளியே நீட்டி
கோபுரம் இருக்கும் திசையைத் துழாவினாள்.
அதை வாங்கி, அங்கிருந்தே சோதனையை ஓட்டினேன்.
ஒரே ஒரு லோரி, மெய்யானது,
எட்டு டன் நானூறு கிலோ.
பதினொரு நொடி.
மறுபடியும். இருபத்தாறு.
மூன்றாவது
வரவே இல்லை.

கோலாலம்பூருக்குப் போன் போட்டேன்.
வெய் ஹோங் கெட்டவர் இல்லை.
"நீ எங்கே நின்றுகொண்டு அளக்கிறாய்?" என்றார்.
ஒப்பந்தப்படி கடிகாரம் ஓடத் தொடங்குவது
சர்வரின் வாசற்படியில்.
எடைப்பாலம், மழை, கோபுரம்,
தொங்கும் அந்தக் கால்கள்
எல்லாம் படிக்கு வெளியே.
அவர் சொன்னது சரிதான்.
அந்தப் பத்தியை வரி வரியாய்ச் சோதித்து
கையெழுத்துக்கு அனுப்பியவளே நான்.

அறிக்கையில் 'தேர்ச்சி' என்று போட்டேன்.
கடைசியில் குறிப்புக்கு ஒரு கட்டம் உண்டு,
எவரும் நிரப்பாதது. அதில் எழுதினேன்:
பதினேழு லோரி, காலை ஏழே கால் முதல்.
அளந்த இடம், ஓட்டுநர் இருக்கை.
அளவு, பிளாஸ்க்கில் ஆறு மூடி தே ஓ, காலி.

பகல் ஒன்றரைக்குச் சன்னாசியின் சீட்டு வந்தது.
எடைக்குக் கீழே பொடி எழுத்தில்
செயலாக்க நேரம்: 0.7 நொடி.
அவர் அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார்.
"பரவாயில்லையே, வேகம்தான்," என்று மடித்து
கண்ணாடிக்கு மேல் செருகிவிட்டு
வண்டியைக் கிளப்பினார்.