ஒரு மூச்சில் எத்தனை சொல்

சரயேவோவில் மூடுபனிக்கு இது மூன்றாம் நாள்.
சுற்றிலும் மலை. மேலே வெதுவெதுப்பான காற்று
மூடிபோட்ட மாதிரி உட்கார்ந்திருக்கிறது.
பாத்திரத்துக்குள் நாங்கள்,
நாங்கள் எரித்த கரி,
நாங்கள் ஓட்டித் தேய்த்த பழைய டீசல் கார்கள்.
பள்ளிவாசல் கோபுரமும் தேவாலய மணிக்கூண்டும்
ஒரே நேரத்தில் காணாமல் போய்விட்டன.
டிராமின் மணி மட்டும் எங்கிருந்தோ கேட்கிறது.

தொலைக்காட்சியில் ஓர் எண் சொல்கிறார்கள்,
அதற்கு ஊதா நிறம் பூசிக் காட்டுகிறார்கள்.
நான் ஆம்புலன்ஸ் அறையில்
இரவெல்லாம் தொலைபேசி எடுப்பவள்.
என் கருவி என் இடது காது.

ஒரு மூச்சில் எத்தனை சொல் என்று எண்ணுவேன்.
பத்து வந்தால்,
சன்னலைச் சாத்துங்கள், நிமிர்ந்து உட்காருங்கள்,
காலையில் டாக்டரைப் பாருங்கள்.
ஐந்து என்றால் முகவரி கேட்பேன்.
இரண்டு என்றால்
கேட்கும்போதே வண்டியை எழுப்பிவிடுவேன்.

முதல் இரவு, பேக்கரிக்காரர் ருஸ்மிர்.
"ஒன்றுமில்லை சிஸ்டர், நெஞ்சுமேல யாரோ மாவு மூட்டையை
இறக்கி வெச்ச மாதிரி இருக்கு, அவ்வளவுதான்."
ஒரே மூச்சு. பதினோரு சொல்.
என் கணக்குப்படி அவர் தூங்கப் போகலாம்.
மூட்டை என்ற சொல்தான் என்னை உலுக்கியது.
நுரையீரலோடு நின்றுவிடுகிற புகையா இது,
இரத்தம் வழியாக இதயம்வரை நடந்து போகிற புகை.
வண்டி அனுப்பினேன்.
தன் விளக்கின் வெளிச்சமே தனக்கு எட்டாமல்
அது தெருவைத் தடவித் தடவிப் போனதாம்.

இரண்டாம் இரவு, வில்தானா என்றொரு தாய்.
"பையன்
ஏழு வயசு
இன்ஹேலர்
தீர்ந்துபோச்சு
விலா
உள்ள
இழுக்குது"
அவள் மூச்சு நன்றாகத்தான் இருந்தது.
பிள்ளையின் மூச்சை வாங்கிப் பேசினாள்.

பகலில் எனக்குத் தூக்கம் வரவில்லை.
ட்ரெபேவிச் மலைக்குப் போகும் கேபிள் காருக்கு
வரிசை ஆற்றங்கரைவரை நீண்டிருந்தது.
காற்று வாங்கப் போகிறோம் என்பார்களே,
இங்கே அதற்கு நிஜமாகவே சீட்டு உண்டு.
சில நிமிடத்தில் வெயில். கண் கூசியது.
கீழே ஊர் இல்லை, ஏடு படிந்த பால்தான்.
எல்லாரும் படம் எடுத்தார்கள். நானும்.
அந்த ஏட்டுக்கு அடியில்
என் மேசையில் மணி அடித்துக்கொண்டிருக்கும்.
மேலே ஒருவருக்கும் கேட்காது.

இறங்கி வீட்டுக்கு வந்தால் அடுப்பு ஆறிக் கிடந்தது.
எரிவாயு பில் இன்னும் பிரிக்காத உறையில்.
கரி வாளியில் பாதி இருந்தது.
விரல் விறைத்துப்போயிருந்தது.
தீக்குச்சி கிழித்தேன்.
என் பங்கும் புகைபோக்கி வழியே ஏறிப் போனது,
எங்கோ ஒரு சின்ன விலாவைத் தேடி.
இதை நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

நான்காம் நாள் தெற்கிலிருந்து காற்று.
ஒரு மணி நேரத்தில் மலைகள் திரும்பி வந்தன,
கோபுரம் வந்தது, மணிக்கூண்டு வந்தது,
எதிர்வீட்டுப் பால்கனியில் ஈரத்துணி வந்தது.
தொலைக்காட்சி எண்ணுக்குப் பச்சை பூசினார்கள்.
"இன்றைக்கு நிம்மதி" என்று
நெஜாத் செம்புக் கெண்டியில் காப்பி கொதிக்கவைத்தான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
உடம்புக்குள் ஒரு நாள்காட்டி தொங்குகிறது,
அது ஊரைவிட ஒன்றிரண்டு நாள் பின்னால்தான் ஓடும்.
திங்கட்கிழமை இழுத்த மூச்சு
வியாழக்கிழமைதான் வந்து கதவைத் தட்டும்.

காப்பி நுரைக்கும் முன்னே மணி அடித்தது.
வயதான ஆண் குரல்.

"சிஸ்டர்
வானம்
நீலமா
இருக்கு

அப்புறம்
ஏன்
எனக்கு"

மிச்சத்தை நான் எண்ணவில்லை.
வண்டி கிளம்பிவிட்டது.