இரண்டு விரற்கடை

வக்ரா, வியாழன் பின்னேரம்.
லேண்ட் குரூசரைப் பின்னுக்கு எடுக்கிறேன்.
கண்ணாடியில் தேக் பகதூரின் உள்ளங்கை
வா வா என்கிறது, சட்டென்று மூடுகிறது.

குண்டின் மேல் கிண்ணம் இறங்கி
டக் என்றது.
அந்தச் சத்தத்தை நான் நம்புவதில்லை.
போன டிசம்பரில் சீலைன் சாலையில்
இப்படி டக் என்ற ஒரு கேரவன்
தனியாக ஒட்டகம் பார்க்கப் போனது.

ஆணி செருகி,
சங்கிலி இரண்டையும் அடியில் பெருக்கல் குறியாக மாட்டி,
விளக்கு வயரைக் கொடுத்தால்
இடது சிக்னல் செத்துக் கிடக்கிறது.
பிளக்கை ஊதினேன், எரிந்தது.
யல்லா, என்கிறார் முதலாளி. மூன்றாவது யல்லா.

இன்னும் ஒன்று, பாபா.
ஜாக்கியைச் சுற்றுகிறேன்:
கிண்ணம் பிடித்திருந்தால்
காரும் கூடவே எழ வேண்டும்.

எழுகிறது.
பின் சீட்டில் தூங்கும் அவர் பிள்ளைகள் மூவரும்
இரண்டு விரற்கடை உயர்ந்து,
தெரியாமலே
இறங்குகிறார்கள்.