தொண்ணூற்றெட்டுக் குழி

மாதேஷுக்குப் பதினாறு முடிந்த மாதம்
சிறப்புப் பள்ளியில் ஒரு தாள் கொடுத்தார்கள்.
மெழுகுவர்த்தி, பினாயில், பேப்பர் கவர், மிதியடி.
எதிரே ஒரு சின்னக் கட்டம், டிக் போட.

மாரண்டஅள்ளியில் இப்போதெல்லாம்
கரண்ட் அவ்வளவாகப் போவதில்லை.
முந்தின மழைக்கு வாங்கிய மெழுகுவர்த்தி
அலமாரியில் வளைந்து கிடக்கிறது.
யாருக்கு உருக்கப் போகிறான் இவன்?

"அவனைக் கேட்டீங்களா?" என்றேன்.
ஹெலன் டீச்சர் பேனாவை மூடினார்.
"கேட்கலாமே" என்றார்,
அதுவரை யாருக்கும் தோன்றாதது போல.
எனக்கும்தான் தோன்றியதில்லை.

பதில் வர அவனுக்கு நேரம் ஆகும்,
ஒரு ஈடு இட்லி வேகிற நேரம்.
"மண்ணு" என்றான்.

ஐ.டி.ஐ.யில் எட்டாவது பாஸ் கேட்டார்கள்.
தனியாகப் பரீட்சை எழுதலாம் என்றார் ஒருவர்,
எழுதித்தர ஆளும் வைத்துக்கொள்ளலாமாம்.
திங்கட்கிழமை தருமபுரிக்குப் போய்
மனுவோடு உட்கார்ந்திருந்தேன்.
பக்கத்தில் ஒருத்தர், மகளுக்கு இருபத்தாறாம்.
"பதினெட்டுக்கு அப்புறம் வீடுதான்மா" என்றார்,
நாளைக்கு வெயில் என்று சொல்வது போல.

ராயக்கோட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்றுப் பண்ணை.
பச்சை வலைக்குக் கீழே தக்காளி, மிளகாய், கோஸ்.
கறுப்புத் தட்டில் தொண்ணூற்றெட்டுக் குழி.
நார்த்தூள் நிரப்பி, குழிக்கு ஒரு விதை.
"எண்ணத் தெரியுமா?" என்றார் கோவிந்தரெட்டி.
"பன்னெண்டு வரைக்கும்."
தட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.
"தட்டே எண்ணிக்கும், விடுங்க."

முதல் நாள் ஒரு தட்டு.
மூன்றாம் வாரம் ஆறு.
அதற்கு மேல் ஏறவில்லை.
மற்றவர்கள் முப்பது போடுகிறார்கள்.

விதை சுலபம். பஸ்தான் பெரிய படிப்பு.
முதல் வாரம் பக்கத்து சீட்டில் நான்.
அடுத்த வாரம் நாலு சீட் பின்னால்.
அப்புறம் கூட்டத்துக்குள், முக்காடு போட்டு.
"கூப்பிடக் கூடாது" என்றிருந்தார் டீச்சர்,
"விட்டுட்டாலும்."

ஒரு நாள் விட்டுவிட்டான்.
நிறுத்தம் ஜன்னலுக்கு வந்தது, நின்றது, போனது.
நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டேன்.
ராயக்கோட்டையில் எல்லோரோடும் இறங்கி
ரொம்ப நேரம் நின்றான்.
பிறகு டீக்கடையில்
சட்டைப்பையிலிருந்த அட்டையை நீட்டினான்.
அதில் பண்ணையின் பேர், என் நம்பர்.
பத்தடி தள்ளி, ஒரு லாரிக்குப் பின்னால்
என் போன் அடித்தது.
"சரிங்க, திரும்புற பஸ்ல ஏத்தி விடுங்க" என்றேன்,
வீட்டிலிருந்து பேசுகிறவள் போல.

மாதக் கடைசியில்
"பிரியப்பட்டதைக் குடுங்க" என்று
வாய் வரைக்கும் வந்துவிட்டது, பழக்கதோஷம்.
விழுங்கிவிட்டு
"தட்டுக்கு எவ்வளவு?" என்றேன்.
ரெட்டி தலையைச் சொறிந்தார்.
"எல்லாருக்கும் குடுக்கறதுதான்."

ஆறு தட்டு, ஐநூற்று எண்பத்தெட்டு விதை.
முளைக்காததும் இருக்கும்,
அது அவன் கணக்கில் வராது.

எட்டேகால் பஸ்ஸில் அவன் ஏறிவிட்டால்
சாயங்காலம் வரை எனக்கு ஒன்றுமில்லை.
கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுகிறேன்.
எனக்கு நாற்பத்தொன்று.
பத்தாவதில் கணக்கு போய்விட்டது.
நேற்று அந்தப் பழைய தாள் கையில் கிடைத்தது.
மெழுகுவர்த்தி, பினாயில், பேப்பர் கவர்.
திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் வெறும் வெள்ளை.

ஐந்தரைக்கு ரோட்டில் போய் நின்றேன்.
நகத்திடுக்கில் நார்த்தூளோடு இறங்கியவன்
என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தான்.
"நீ ஏன் வந்த?"

பதில் வர எனக்கு நேரம் ஆனது.
அதற்குள் அவன்
இரண்டு பக்கமும் பார்த்து
ரோட்டைக் கடந்திருந்தான்.