ஐந்தே முக்கால் மும்பை

இரண்டு எஃகுக் கம்பம், நடுவில் ஒரு நீல நாடா.
இழுத்தால் வரும். விட்டால்
ஓணான் நாக்குப் போல உள்ளே ஓடிவிடும்.
அதைப் பிடித்துக்கொண்டு நிற்கத்தான் எனக்குச் சம்பளம்.

இந்தப் பக்கம் சிவப்பு விரிப்பு, ஆறடி.
அளந்திருக்கிறேன்: என் ஷூவால் ஏழரை.
அந்தப் பக்கம் வெறும் தரை.
விரிப்பு முடிகிற இடத்தில் இரண்டு வழியும் சேர்ந்து
ஒரே மிஷின், ஒரே பீப்.

மைக்கில் சொல்லவேண்டியது மனப்பாடம்.
முதல் வகுப்பு. பிளாட்டினம். கோல்டு
(நகைக்கடையில் நிற்பதுபோல் இருக்கும்),
பிறகு ஒன்று, இரண்டு, மூன்று.
நான்கை யாரும் காதில் வாங்குவதில்லை,
நான்காம் ஆட்கள்
நான் மைக்கைத் தொடும் முன்பே எழுந்து நிற்கிறவர்கள்.

குர்கானில் பயிற்சி கொடுத்தவர் சொன்னார்,
அட்டையைப் பார்த்துவிட்டுச் சிரிக்க வேண்டும்.
பிளாட்டினத்துக்குப் பல் தெரியலாம்.
கூடப் படித்த திருச்சிக்காரி கேட்டாள்,
"அதென்னடி எல்லாப் பேச்சுக்கும் ஒரு வால்?"
எங்க பக்கம் அப்படித்தானுங்க என்றேன்.
முழுதும் சொல்லவில்லை.
அந்த 'ங்க' எங்கள் தெருவிலிருந்து கிளம்பும்.
எங்கள் தெருவுக்குத் திரும்பி வராது.

ஊர் மாரியம்மனின் முதல் மரியாதை யாருக்கென்று
பதினோரு வருடமாக ஈரோட்டில் வழக்கு.
இரண்டு பங்காளிகள், ஒரு தேங்காய் மூடி.
எங்கள் தெரு அதில் வாதியுமில்லை, பிரதிவாதியுமில்லை,
சாட்சிக்குக்கூடக் கூப்பிடவில்லை.

நேற்று அந்தப் பங்காளிகளில் ஒருவர் வந்தார்.
சென்னியப்பன். இப்போது சூலூரில் நூல் மில். இருக்கை ஒன்று ஏ.
அவர் அப்பாவைக் கூப்பிடும் சத்தம் எனக்குத் தெரியும்,
வாய்க்கால் மேட்டிலிருந்து: "டேய் ரங்கா."
நாடாவுக்கு முன்னால் நின்று
என் கொண்டையை, கோட்டை, பேட்ஜைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார் என்று சொல்ல முடியாது.
"விடலாமுங்களா?" என்றார்.

கொக்கியைக் கழற்ற வேண்டிய கை
அப்படியே நின்றுவிட்டது.
"ஒரு நிமிசமுங்க. சிஸ்டம் சரியில்லை."
சிஸ்டம் நன்றாகத்தான் இருந்தது.

ஏரோபிரிட்ஜ் பழுது. வெளியே பாலக்காட்டுக் காற்றில் பஸ்.
முதலில் விட்டவர்கள் முதலில் ஏறினார்கள்.
கோல்டு வந்து பிளாட்டினத்தைத் தள்ள,
ஒன்றும் இரண்டும் மூன்றும் வந்து கோல்டைத் தள்ள,
ஒன்று ஏ பஸ்ஸின் எதிர்க் கண்ணாடியோடு
வெள்ளைச் சட்டையாய் ஒட்டிக்கொண்டது.

கடைசியாக மருதாசலம். நான்கு. இருபத்தொன்பது எஃப்.
கணபதியில் லேத் பட்டறை.
நாசிக்கில் நின்றுபோன மோட்டாரைப் பிரித்துப் பார்க்கப் போகிறார்.
"பதினேழாம் நம்பர் ஸ்பேனருங்க. செக்கிங்கில புடுங்கீட்டாங்க.
அதில்லாம அங்க போயி நா என்னத்தப் பண்றதுங்க?"
நான்தான் பிடுங்கியவள் போல என்னிடமே கேட்டார்.
பஸ்ஸில் அவருக்குக் கதவோரம்தான் இடம் கிடைத்தது.

கதவு மூடி, எண்பதடி ஓடி, கதவு திறந்தது.
முதலில் இறங்கியவர் மருதாசலம்.
விமானப் படியில் முதல் கால் மருதாசலத்தின் ரப்பர் செருப்பு.
மேலே போய்த் திரும்பிப் பார்த்தார்,
தப்பான வண்டியோ என்று.

இதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை.
உள்ளே அவருக்குப் பழச்சாறு, இவருக்குத் தண்ணீரே காசுக்கு.
இருபத்தொன்பது எஃப் கடைசிவரை இருபத்தொன்பது எஃப்தான்.
நானும் நாடாவை இழுத்து மாட்டினேன்,
அடுத்தது ஏழே கால் ஹைதராபாத்.

டியூட்டி முடிந்து செக்கிங் பக்கம் போனேன்.
பிடுங்கிப் போட்ட பெட்டியில்
கத்திரி, லைட்டர், ஒரு தேங்காய்,
அடியில் ஸ்பேனர்.
கெஞ்சிக் கேட்டு, கையெழுத்துப் போட்டு எடுத்தேன்.
நினைத்ததைவிடக் கனம்.

எப்போது திரும்புவார் என்று கேட்டுவைக்கவில்லை.